நீர்க்கரைசலின் பிஎச் மதிப்பைக் கணிப்பது எப்படி: சூத்திரத்துக்கு முன் கரைசலில் இருப்பதைப் பாருங்கள்

ஒரே கொள்ளளவுள்ள இரண்டு குடுவைகளில், ஒன்றில் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மற்றொன்றில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலமும் இருப்பதாகக் கொள்வோம். கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச் மதிப்பு முதலாவதில் ஏறத்தாழ 1. இரண்டாவதன் மதிப்பு 2.87. அதாவது, முதல் குடுவையில் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 75 மடங்கு மிகுதியாக உள்ளன. ஆயினும் இரண்டு குடுவைகளையும் முழுமையாக நடுநிலையாக்கத் தேவைப்படும் சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு ஒன்றேதான். இவ்விரு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதைக் காரணத்தோடு விளக்க முடிந்தவருக்கு, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வரும் அயனிச் சமநிலையின் பெரும்பகுதி கைவந்துவிட்டது என்றே சொல்லலாம். இந்தப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுவது கணக்கு கடினம் என்பதால் அன்று. கரைசலில் என்னென்ன துகள்கள் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன்பே சூத்திரத்தைத் தேடத் தொடங்கிவிடுகின்றனர் என்பதால்தான். ஆகவே இவ்வழிகாட்டியில் ஒவ்வொரு கணக்கையும் கரைசலில் உள்ள துகள்களிலிருந்தே தொடங்குவோம். வேறு வெப்பநிலை குறிப்பிடப்படாத இடங்களில், எல்லா மதிப்புகளும் 25 பாகை செல்சியசுக்கு உரியவை.

முதலில், நீருக்குள் நடப்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுவீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ் 1884-இல் அளித்த ஆய்வேட்டில், நீரில் கரையும் மின்பகுளிகள் தாமாகவே அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அக்கருத்தின்படி, நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். இவ்வரையறை பயனுள்ளதுதான் என்றாலும், தன்னிடம் ஹைட்ராக்சைடு இல்லாத அம்மோனியா ஏன் காரமாக இருக்கிறது என்பதை அது நேரடியாக விளக்குவதில்லை. 1923-இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே முன்வைத்த வரையறையே கரைசல் கணக்குகளுக்கு மிகவும் பொருத்தமானது: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் கரையும்போது தன் புரோட்டானை நீர் மூலக்கூறுக்குக் கொடுக்கிறது. நீர் ஹைட்ரோனியம் அயனியாகிறது. அம்மோனியா கரையும்போது அது நீரிடமிருந்து புரோட்டானைப் பறிக்கிறது. எஞ்சுவது ஹைட்ராக்சைடு அயனி. முதல் வினையில் நீர் காரம், இரண்டாம் வினையில் நீர் அமிலம். நீரை வெறும் கொள்கலமாகக் கருதாமல், வினையில் பங்குகொள்ளும் பொருளாகக் கருதுவதே இங்குத் தேவையான முதல் மனமாற்றம்.

நீர் மூலக்கூறுகள் தமக்குள்ளும் புரோட்டானைப் பரிமாறிக்கொள்கின்றன. அதனால் தூய நீரிலும் ஹைட்ரோனியம், ஹைட்ராக்சைடு ஆகிய இரண்டும் லிட்டருக்கு 10⁻⁷ மோல் அளவில் உள்ளன. இவ்விரண்டின் செறிவுகளையும் பெருக்கினால் கிடைக்கும் 10⁻¹⁴ என்பதே நீரின் அயனிப் பெருக்கம். அமிலத்தையோ காரத்தையோ சேர்த்தாலும், நீர்த்த கரைசலில் இப்பெருக்கம் மாறுவதில்லை. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரென்சன் 1909-இல் அறிமுகப்படுத்திய பிஎச் என்பது, ஹைட்ரஜன் அயனிச் செறிவின் பத்தடிமான மடக்கையை எதிர்க்குறியுடன் எழுதியதாகும். எனவே பிஎச் ஓர் அலகு குறைந்தால் செறிவு பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். நடுநிலை என்பது எப்போதும் பிஎச் 7 என்று எண்ணுவது பிழை. நீரின் அயனியாதல் வெப்பத்தை ஏற்கும் வினையாதலால், 60 பாகையில் அயனிப் பெருக்கம் ஏறத்தாழ 10⁻¹³ ஆக உயர்கிறது. அப்போது தூய நீரின் பிஎச் மதிப்பு 6.5. அந்த நீர் அமிலமாகிவிடவில்லை. இரு அயனிகளும் சம அளவில் இருக்கும் வரை அது நடுநிலையே.

இனி, வினாவில் தரப்பட்ட எந்தக் கரைசலுக்கும் தாளில் முதலில் எழுத வேண்டியது, நீரில் கலந்த பின் பேரளவில் இருக்கும் துகள்களின் பட்டியல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் எனில் ஹைட்ரோனியம், குளோரைடு, நீர். அசிட்டிக் அமிலம் எனில் பிரியாத அசிட்டிக் அமில மூலக்கூறுகள், நீர். சோடியம் அசிட்டேட் எனில் சோடியம் அயனி, அசிட்டேட் அயனி, நீர். அடுத்து, அவற்றுள் புரோட்டானைக் கொடுக்கவோ ஏற்கவோ வல்லது எது என்று கேட்க வேண்டும். குளோரைடு, நைட்ரேட், சோடியம், பொட்டாசியம் ஆகிய அயனிகள் இவ்வேலையில் கலந்துகொள்வதில்லை, அவற்றை அடித்துவிடலாம். எஞ்சியதுதான் கணக்கு.

வலிமை மிக்க அமிலங்களைப் பெயரோடு நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அவை மிகச் சிலவே: ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், பெர்குளோரிக் அமிலங்கள், முதல் புரோட்டானைப் பொறுத்தவரை சல்பியூரிக் அமிலம். கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இப்பட்டியலில் இல்லை. அது வலிமை குறைந்த அமிலம். ஒரு பொருளின் ஆபத்தும் அதன் அமில வலிமையும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. வலிமை மிக்க அமிலம் முழுவதுமாகப் பிரிந்துவிடுவதால், அதன் செறிவே ஹைட்ரோனியத்தின் செறிவாகும். 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு 2. அதற்குமேல் அங்குக் கணக்கே இல்லை.

ஒரே ஒரு பொறி மட்டும் உண்டு. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு என்ன என்று கேட்டால், பழக்கத்தில் 8 என்று எழுதிவிடத் தோன்றும். ஓர் அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாகாது என்ற எண்ணம் உடனே எழ வேண்டும். இங்கு அமிலம் தரும் அயனிகளைவிட நீர் தரும் அயனிகளே மிகுதி; எனவே இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் ஹைட்ரோனியத்தின் செறிவு 1.05 × 10⁻⁷, பிஎச் மதிப்பு 6.98. துகள்களின் பட்டியலில் நீரையும் ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்வது இதற்காகவே.

வலிமை குறைந்த அமிலங்களில்தான் பாடத்தின் சுவை இருக்கிறது. இங்கு இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: எவ்வளவு கரைந்திருக்கிறது, கரைந்ததில் எவ்வளவு பிரிந்திருக்கிறது. முன்னதற்கு விடை செறிவு. பின்னதைத் தீர்மானிப்பது வலிமை, அதாவது பிரிகை மாறிலி: சமநிலையில் பிரிந்த அயனிகளின் செறிவுகளைப் பெருக்கி, பிரியாத மூலக்கூறுகளின் செறிவால் வகுத்தால் கிடைக்கும் எண். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. பிரிந்த பகுதி மிகச் சிறிது என்று கொண்டால், சமநிலைச் சமன்பாடு எளிய வடிவத்துக்கு வந்துவிடுகிறது:

ஹைட்ரோனியம் செறிவு = √(பிரிகை மாறிலி × அமிலத்தின் செறிவு)

0.1 மோலார் கரைசலுக்கு இது √(1.8 × 10⁻⁶), அதாவது 1.34 × 10⁻³. பிஎச் மதிப்பு 2.87. ஆயிரம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 13 மட்டுமே பிரிந்துள்ளன. கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்க்கும்போது, இருக்கும் ஹைட்ரோனியம் தீர்ந்துபோகிறது. உடனே சமநிலை வலப்புறம் நகர்ந்து, பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் புதிதாகப் பிரிகின்றன. இவ்வாறு கடைசி மூலக்கூறு வரை வினைபுரிகிறது. தொடக்கத்தில் சொன்ன இரு குடுவைகளும் ஒரே அளவு காரத்தைக் கேட்பதற்குக் காரணம் இதுவே. பிஎச் மதிப்பு இக்கணத்தில் விடுபட்டு நிற்கும் அயனிகளை மட்டும் காட்டுகிறது. தரம்பார்த்தல், அதாவது செறிவு தெரிந்த காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நடுநிலையாக்கி அளத்தல், கரைசலில் உள்ள அமிலம் முழுவதையும் எண்ணுகிறது.

மேலே செய்த தோராயத்தை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரிந்த பகுதி தொடக்கச் செறிவில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் தோராயம் செல்லும். மிஞ்சினால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். 0.001 மோலார் அசிட்டிக் அமிலத்தில் எளிய வடிவம் தரும் விடை 1.34 × 10⁻⁴. இது தொடக்கச் செறிவில் 13 விழுக்காடு. எனவே தோராயம் செல்லாது. இருபடிச் சமன்பாட்டின்படி சரியான மதிப்பு 1.25 × 10⁻⁴, பிஎச் மதிப்பு 3.90. எண்ணளவில் வேறுபாடு சிறிதே. ஆனால் இதே கணக்கில் மற்றோர் உண்மை வெளிப்படுகிறது: நூறு மடங்கு நீர்த்தபோது பிரிகை வீதம் 1.3 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காட்டுக்கு உயர்ந்திருக்கிறது. நீர்த்தலால் ஹைட்ரோனியத்தின் செறிவு குறைகிறது, பிரிந்த மூலக்கூறுகளின் விகிதமோ கூடுகிறது. ஆஸ்வால்ட் நீர்த்தல் விதி என்று படிப்பது இதைத்தான்; அதைத் தனியொரு சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிட, இவ்விரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நெடுநாள் நினைவில் நிற்கும்.

காரங்களுக்கும் வழி இதுவே. முதலில் ஹைட்ராக்சைடின் செறிவைக் கண்டு, அதன் எதிர்க்குறி மடக்கையை 14-இலிருந்து கழித்தால் போதும். அம்மோனியாவின் பிரிகை மாறிலியும் 1.8 × 10⁻⁵ ஆக அமைந்திருப்பது ஒரு தற்செயல், ஆகவே 0.1 மோலார் அம்மோனியாக் கரைசலின் பிஎச் மதிப்பு 14 − 2.87, அதாவது 11.13. ஆய்வகக் குப்பிகளில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று எழுதியிருந்தாலும், உள்ளே பெரும்பாலும் இருப்பவை அம்மோனியா மூலக்கூறுகளே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுண்ணாம்பு இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் மிகக் குறைவாகவே, லிட்டருக்கு ஏறத்தாழ 0.02 மோல் அளவே, கரைகிறது. ஆனால் கரைந்தது ஏறக்குறைய முழுவதும் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு மோலும் இரண்டு மோல் ஹைட்ராக்சைடைத் தருவதால் செறிவு 0.04, பிஎச் மதிப்பு 12.6. குறைவாகக் கரைவதை வலிமைக் குறைவு என்று கருதிவிடக் கூடாது. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் ஆரத்தி நீர் சிவப்பாவது, மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமி பிஎச் 8-ஐ ஒட்டி நிறம் மாறத் தொடங்குவதாலேயே. நம் வீடுகளில் தலைமுறைகளாக நடந்துவரும் இச்செயல், ஒரு நிறங்காட்டிச் சோதனையேதான். வகுப்பில் லிட்மஸ் தாள் இல்லாத நாளில் ஆசிரியர்கள் தயங்காமல் மஞ்சளைப் பயன்படுத்தலாம். ஆனால் அது காரத்தை மட்டுமே காட்டும், அமிலத்துக்கும் நடுநிலைக்கும் இடையே வேறுபாடு காட்டாது.

உப்புக் கரைசல்களைக் கண்டு அஞ்சுவோர் பலர். துகள்களின் பட்டியலை எழுதப் பழகியவருக்கு அங்குப் புதிதாக ஒன்றும் இல்லை. சோடியம் அசிட்டேட்டில் சோடியத்தை அடித்துவிட்டால் எஞ்சுவது அசிட்டேட் அயனி. அது அசிட்டிக் அமிலத்தின் இணைக் காரம், அதாவது அவ்வமிலம் புரோட்டானைக் கொடுத்தபின் எஞ்சும் துகள். ஓர் அமிலத்தின் பிரிகை மாறிலியையும் அதன் இணைக் காரத்தின் பிரிகை மாறிலியையும் பெருக்கினால் 10⁻¹⁴ கிடைக்க வேண்டும் என்பதால், அசிட்டேட்டின் மாறிலி 5.6 × 10⁻¹⁰. இது மிகவும் வலிமை குறைந்த காரந்தான், ஆயினும் 0.1 மோலார் கரைசலின் பிஎச் மதிப்பை 8.87-க்கு உயர்த்த அது போதும். அதே வழியில் 0.1 மோலார் அம்மோனியம் குளோரைடின் மதிப்பு 5.13. சலவைச் சோடாவின் கார்பனேட் அயனி அசிட்டேட்டைவிட வலிமை மிகுந்த காரமாதலால், அதன் 0.1 மோலார் கரைசலில் பிஎச் 11.6-ஐத் தாண்டுகிறது. ஆப்ப சோடாவில் உள்ள பைகார்பனேட் அயனி புரோட்டானைக் கொடுக்கவும் ஏற்கவும் வல்லது. இரு போக்குகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, கரைசல் 8.3 அளவில் நின்றுவிடுகிறது. வீட்டில் இவ்விரு சோடாக்களையும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்கான காரணம் இவ்வெண்களிலேயே உள்ளது.

அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் பிஎச் அதிகம் மாறாத தாங்கல் கரைசலில், பட்டியலில் அமிலமும் அதன் இணைக் காரமும் பேரளவில் ஒருங்கே இடம்பெறுகின்றன. ஒரு லிட்டரில் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் 0.1 மோல் வீதம் இருந்தால், பிஎச் மதிப்பு பிரிகை மாறிலியின் எதிர்க்குறி மடக்கைக்குச் சமம், அதாவது 4.74. இதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் என்ன ஆகும்? இங்கும் சூத்திரத்துக்கு முன்பு வினையை எழுதுங்கள். சேர்த்த ஹைட்ரோனியம் முழுவதையும் அசிட்டேட் ஏற்றுக்கொள்கிறது, அசிட்டேட் 0.09 ஆகக் குறைகிறது, அமிலம் 0.11 ஆகக் கூடுகிறது. அசிட்டேட்டை அமிலத்தால் வகுத்துவரும் விகிதத்தின் மடக்கை ஏறத்தாழ −0.09; அதை முந்தைய மதிப்போடு கூட்டினால் புதிய பிஎச் மதிப்பு ஏறத்தாழ 4.66. இதே அளவு அமிலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் சேர்த்திருந்தால் பிஎச் 7-லிருந்து 2-க்கு வீழ்ந்திருக்கும். நம் இரத்தத்தின் பிஎச் மதிப்பு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிலைத்திருப்பதில், கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்த தாங்கல் அமைப்புக்கு முதன்மையான பங்கு உண்டு.

தரம்பார்த்தலுக்கு வருவோம். நடுநிலையாக்கல் முடிந்த புள்ளியில் கரைசலின் பிஎச் மதிப்பு 7 ஆகத்தான் இருக்கும் என்ற எண்ணம் மிகப் பரவலாக உள்ளது. வலிமை மிக்க அமிலமும் வலிமை மிக்க காரமும் சேரும்போது மட்டுமே அது உண்மை. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம்பார்த்தால், முடிவில் குடுவையில் இருப்பது 0.05 மோலார் சோடியம் அசிட்டேட். அதன் பிஎச் மதிப்பு 8.72. ஆகவே 8.3-க்கும் 10-க்கும் இடையே நிறம் மாறும் பினால்ப்தலீன் இதற்குப் பொருந்துகிறது. 3.1-க்கும் 4.4-க்கும் இடையே மாறும் மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்தினால், அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகாத நிலையிலேயே நிறமாற்றம் முடிந்துவிடும். முடிவும் அந்த அளவுக்குத் தவறாகிவிடும். அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கையில் இத்தேர்வு தலைகீழாகிறது. பிஎச் அளவி கிடைக்கும் ஆய்வகத்தில், பாதி அமிலம் நடுநிலையான கட்டத்தில் அளவீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கு அமிலமும் இணைக் காரமும் சம அளவில் இருப்பதால், அளவி காட்டும் எண்ணே பிரிகை மாறிலியின் எதிர்க்குறி மடக்கையாகும். ஒரு மாறிலியைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்கும், தன் கையால் அளந்து பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் ஒருமுறையேனும் உணர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சல்பியூரிக் அமிலத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். பல பயிற்சிக் கணக்குகளில் அதன் இரண்டு புரோட்டான்களும் முழுமையாக விடுபடுவதாகக் கொள்கின்றனர். இரண்டாம் புரோட்டானின் பிரிகை மாறிலி ஏறத்தாழ 0.012 மட்டுமே, எனவே 0.1 மோலார் கரைசலில் ஹைட்ரோனியத்தின் செறிவு 0.2 அன்று, 0.11 தான். மிகவும் நீர்த்த கரைசலில், எடுத்துக்காட்டாக 0.0005 மோலாரில், இரண்டாம் புரோட்டானும் ஏறக்குறைய முழுவதும் விடுபட்டுவிடுவதால் அந்த எளிய வழி செல்லும். இவ்வமிலத்தின் கரைசலைத் தயாரிக்கும்போது, நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அடர்த்தி குறைந்த நீர் அமிலத்தின் மேற்பரப்பிலேயே நிற்க, அங்கு வெளிப்படும் பெரும் வெப்பத்தால் அது கொதித்து, அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும்.

கணக்கிட்ட விடையைக் கருவியோடு ஒப்பிடுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பிஎச் அளவியை அன்றன்று 4, 7, 10 ஆகிய தாங்கல் கரைசல்களில் குறைந்தது இரண்டைக் கொண்டு நேர்செய்த பின்பே பயன்படுத்த வேண்டும். அளக்கப்போகும் மதிப்பு அவ்விரண்டுக்கும் இடையில் வருமாறு அவற்றைத் தேர்வது நல்லது. திறந்து வைத்த வாலைவடிநீர் 7 காட்டாமல் 5.6-ஐ நோக்கி இறங்கினால் கருவியைப் பழிக்க வேண்டியதில்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அதில் கரைந்து கார்பானிக் அமிலத்தைத் தந்திருக்கிறது. தெவிட்டிய சுண்ணாம்பு நீர், கணக்கில் வந்த 12.6-க்கு மாறாக 12.45 காட்டும், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1.0-க்கு மாறாக 1.1 அளவில் காட்டும். செறிவு மிகும்போது எதிரெதிர் மின்சுமையுள்ள அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து, தம் முழு எண்ணிக்கைக்கும் உரிய விளைவைக் காட்டாமல் போவதே இதற்குக் காரணம். 0.01 மோலார் அமிலத்தில் இவ்வேறுபாடு 0.04 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே கணக்கையும் கருவியையும் ஒப்பிட்டுப் பழகத் தொடங்குவோர் 0.01 மோலாரிலோ அதனினும் நீர்த்த கரைசலிலோ தொடங்குவது நல்லது.